புதுப்பிப்பு: டயாலிசிஸுக்கு இடையே பங்குனி ஆமைகளுக்காக நடந்த நிதிநடை

வாரம் மும்முறை டயாலிசிஸ் செய்துகொள்ளும் நான், பங்குனி ஆமைகள் எனும் கடலாமைகளின் பாதுகாப்புக்கு நிதி திரட்ட, சென்னையில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை கடற்கரையில் நடப்பது எப்படி என்று கேட்டிருந்தேன். வழிகாட்டிய அனைவருக்கும் நன்றி, நடை நிறைவடைந்தது.

மருத்துவரின் ஒப்புதலோடு, தூரத்தைப் பிரித்து, டயாலிசிஸ் இல்லாத நாள்களில் விடியுமுன் நடக்கலாம் என்ற யோசனையே கைகொடுத்தது. நீர் அருந்தக் கட்டுப்பாடு உள்ளவர்கள் வெயிலைத் தவிர்ப்பது மிக அவசியம். ஃபிஸ்டுலா (டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்த இடம்) உள்ள கையில் பை மாட்டவில்லை. நன்கொடைகள் நேரடியாகப் பாதுகாப்புக் குழுவுக்கே சென்றதால் கணக்குச் சிக்கல் எழவில்லை.

எதிர்பாராதது ஒன்று: உலர்மணலில் கால் புதைந்து விரைவில் களைத்தேன், அலை நனைத்த இறுகிய மணலுக்கு மாறிய பிறகே மூச்சு சீரானது. டயாலிசிஸ் பிரிவில் உடனிருக்கும் நோயாளிகளும் பணம் அனுப்பினார்கள். முட்டைகள் பொரிய ஆகும் 45 முதல் 60 நாள்கள் வரை பொரிப்பகத்தை (முட்டைகளைப் பாதுகாப்பாகப் புதைத்து வைக்கும் இடத்தை) காக்க அத்தொகை பயன்படும்.