28 மி.மீ. ஒற்றை லென்ஸ் காம்பாக்ட் கேமரா: கைக்கு வந்ததும் எதையெல்லாம் சோதிக்க வேண்டும்? அனுபவங்களைப் பகிருங்கள்

ரிக்கோ ஜிஆர் வரிசை, நிக்கான் கூல்பிக்ஸ் ஏ, ஃபூஜி எக்ஸ்70 எல்லாம் ஒரே ஜாதி. ஏபிஎஸ்-சி அளவுள்ள பெரிய சென்சார், கழற்ற முடியாத 28 மி.மீ.க்கு இணையான அகலக் கோண லென்ஸ், எஃப் 2.8 (லென்ஸ் துளை முழுதாகத் திறந்த நிலை; எண் கூடினால் துளை சிறுக்கும்). லென்ஸ் சரியில்லையென்றால் வேறு மாட்ட வழியில்லை. அதனால் மெனு, கலர் எல்லாம் அப்புறம். திருப்பித் தரும் கெடு முடிவதற்குள் லென்ஸைப் பார்த்துவிடுங்கள்.

பலரும் செங்கல் சுவரை எடுத்து மூலைகளைப் பெரிதாக்கிப் பார்க்கிறார்கள். கேமரா சுவருக்கு இம்மி சாய்ந்திருந்தாலும் ஒரு பக்கம் மங்கும், பழி லென்ஸ் மேல் விழும். அதைவிட, 100 மீட்டருக்கு அப்பால் நுணுக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், ஆன்டெனா, ஜன்னல் கம்பி மாதிரி. நடுவில் வைத்து ஃபோகஸ் செய்து, மேனுவலுக்கு மாற்றிப் பூட்டிவிட்டு, எஃப் 2.8-இல் அதே பொருளை நான்கு மூலைகளுக்கும் நகர்த்தி நகர்த்தி எடுங்கள். ட்ரைபாட் என்றால் ஸ்டெபிலைசரை அணைத்துவிட்டு 2 நொடி டைமர். நான்கு மூலைகளும் நடுவைவிட ஒரே அளவு மென்மையாக இருந்தால் அது இயல்பு. ஒன்று மட்டும் குழைந்திருந்தால் டீசென்டரிங், அதாவது உள்ளிருக்கும் கண்ணாடி ஒன்று மையம் விலகியிருக்கிறது; யோசிக்காமல் திருப்பிக் கொடுக்கலாம். எஃப் 5.6-இல் இந்தக் குறை பாதி மறைந்துவிடும், அங்கே பார்த்துத் திருப்திப்படக் கூடாது.

—

சுவர்தான் கிடைக்கிறது என்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. ஒரு படம் நேராக, இன்னொன்று கேமராவைத் தலைகீழாகக் கவிழ்த்து. ஆட்டோ ரொட்டேட்டை முதலில் அணைக்கவும், இல்லாவிட்டால் எது எந்த மூலை என்றே தெரியாது. இரண்டு படத்திலும் ஃப்ரேமின் அதே மூலை மங்கினால் லென்ஸ். மங்கல் எதிர்ப்பக்கம் தாவினால் நீங்கள் நின்ற கோணம்.

—

பழைய கேமரா வாங்குபவர்கள் மூலையைவிடத் தூசிக்குத்தான் பயப்பட வேண்டும். லென்ஸ் குழாய் உள்ளே வெளியே போய் வரும்போது காற்றை இழுக்கிறது, கூடவே பஞ்சும் தூசும் போகும். லென்ஸ் கழலாததால் சென்சாரைத் துடைக்க உடலையே பிரிக்க வேண்டும். ஜிஆர் 3-இல் சென்சாரை உதறும் வசதி உண்டு, ஆனால் ஒட்டிக்கொண்ட தூசு அதற்கு அசைவதில்லை.

பார்க்கும் முறை: ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 100, எஃப் 16, ஃபோகஸை மிக அருகில் வைத்து, வெறும் வானத்தை அல்லது வெள்ளைத் திரையை இரண்டு படம் எடுங்கள். எடுக்கும்போது கேமராவைக் கொஞ்சம் ஆட்டினால் திரையில் உள்ள அழுக்கு கரைந்துவிடும், சென்சாரில் உள்ளது அப்படியே நிற்கும். கம்ப்யூட்டரில் கான்ட்ராஸ்ட்டை முழுக்க ஏற்றுங்கள். இரண்டு படத்திலும் ஒரே இடத்தில் சாம்பல் வட்டம் தெரிந்தால் தூசி உறுதி. விற்பவர் எஃப் 2.8-இல் எடுத்த படத்தைக் காட்டினால் அதில் ஒன்றும் தெரியாது, எஃப் 16 கேளுங்கள்.

அப்படியே கேமராவைப் பத்துத் தடவை தொடர்ந்து ஆன், ஆஃப் செய்து காதைக் கொடுங்கள். கரகர சத்தம் வரக்கூடாது. லென்ஸை மூடும் இதழ்கள் முழுசாக விலகுகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்று பாதியில் நின்றால் படத்தின் ஓரத்தில் கறுப்பு நிழல் விழும்.

—

ஆட்டோ ஃபோகஸ் வெளிச்சம் குறைந்தால் தடுமாறும் என்று குறை சொல்பவர்கள் ஸ்னாப் ஃபோகஸைத் தொட்டே பார்த்திருக்க மாட்டார்கள். ஜிஆரின் பாதி மதிப்பு அதில்தான் இருக்கிறது. தூரத்தை 2 மீட்டரில் வைத்து, பட்டனை ஒரே அழுத்தாக அழுத்தினால் ஃபோகஸ் தேடாமல் சுடும். ஜிஆர் லென்ஸின் உண்மையான குவியத் தூரம் 18.3 மி.மீ. (28 என்பது முழு ஃப்ரேம் கேமராவுக்கு இணையான அளவு); அதற்குக் கணக்கு இப்படி வரும்: எஃப் 2.8-இல் 1.5 முதல் 3 மீட்டர் வரை தெளிவு, எஃப் 5.6-இல் 1.2 முதல் 6 வரை. எஃப் 8-இல் 1 மீட்டரில் தொடங்கிக் கிட்டத்தட்ட எல்லாமே. சோதிக்க, தரையில் அளவு டேப்பை விரித்து, எஃப் 2.8-இல் சாய்வாக எடுங்கள். கூர்மையான பகுதி 2 மீட்டர் குறியை விட்டு வெகுதூரம் தள்ளிப்போனால் ஏதோ கோளாறு.

—

ஓரத்தில் நிற்பவரின் தலை முட்டை மாதிரி நீள்வதை லென்ஸ் கோளாறு என்று திருப்பி அனுப்பாதீர்கள். கதவு, தூண் கோடுகள் நேராக இருந்தால் லென்ஸ் ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது; அகலக் கோணத்தின் கணிதம் அது. ஆட்களை நடுவுக்குக் கொண்டுவாருங்கள்.

—

க்ராப் மோடை (படத்தின் நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுக்கும் வசதி) நம்பி வாங்குபவர்கள் கவனிக்க: ஜிஆர் 3-இன் 24 மெகாபிக்சல், 35 மி.மீ.க்கு வெட்டினால் 15, 50-க்கு வெட்டினால் 7 சொச்சம்தான் மிஞ்சும். பாதிப் படங்களை 50-இல் எடுக்கிறீர்கள் என்றால் உங்களுக்கு வேண்டியது 2021-இல் வந்த 40 மி.மீ. ஜிஆர் 3எக்ஸ்.

உச்சி வெயிலில் எஃப் 2.8, ஐஎஸ்ஓ 100 என்றால் 1/3200 நொடி தேவைப்படும். ஜிஆர் 3-இல் ஷட்டர் லென்ஸுக்குள் இருப்பதால் எஃப் 2.8-இல் 1/2500-க்கு மேல் போகாது, படம் கொஞ்சம் வெளுக்கும். உள்ளேயே இருக்கும் 2 ஸ்டாப் என்டி ஃபில்டரை (ஒளியை நான்கில் ஒரு பங்காகக் குறைப்பது) போட்டால் 1/800-க்கு இறங்கிவிடும். அந்த ஃபில்டர் ஆட்டோவில் இருக்கிறதா, அணைத்திருக்கிறதா என்று முதல் நாளே மெனுவில் பாருங்கள்.

—

பேட்டரியை யாரும் சொல்லவில்லையே! ஜிஆர் 3-க்கு ஒரு சார்ஜில் சுமார் 200 படம் என்பதுதான் தரப்படுத்திய சோதனையின் அளவு. வைஃபை, ஓயாத திரைப் பார்வை சேர்ந்தால் இன்னும் குறையும். கூடுதலாக ஒரு பேட்டரிக்கான காசையும் கேமரா விலையோடு சேர்த்தே கணக்குப் போடுங்கள்.