கோடியக்கரை போகிறவர்களுக்கு: எங்கள் அனுபவங்கள்

தஞ்சாவூரிலிருந்து:

கோடியக்கரை சரணாலயத்துக்கு எந்த மாதம் போகலாம் என்று கேட்டிருந்தீர்கள். தை மாதம் என்பேன். ஆனால் காலண்டரைவிட மழையைப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நன்றாகப் பெய்து சதுப்பில் தண்ணீர் நின்றால்தான் பூநாரைகள் (ஃபிளமிங்கோ) தங்கும். தண்ணீர் அளவுக்கு மீறி ஏறினாலும் சிக்கல்தான், உள்ளான் மாதிரிச் சின்னப் பறவைகளுக்குக் கால் ஊன்ற இடமிருக்காது. பொங்கலையொட்டி நீர் வடிந்து சேறு தலைகாட்டும்போது அவை கூட்டம் கூட்டமாக இறங்கும்.

பைனாகுலர் இல்லாமல் போகவே போகாதீர்கள். வெறுங்கண்ணுக்குப் பூநாரைக் கூட்டம் தூரத்தில் ஒரு வெளிர்சிவப்புக் கோடு, அவ்வளவுதான். பைனாகுலரில் பார்த்தால், அலகைத் தலைகீழாகக் கவிழ்த்துக்கொண்டு, காலால் சேற்றை மிதித்துக் கலக்கிக் கலக்கித் தின்பது தெரியும். தண்ணீரை உள்ளே இழுத்து நாக்கால் வெளியே தள்ளும். பாசியும் நுண்ணிய இறாலும் மட்டும் அலகில் தங்கும். இதைப் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவதே தெரியாது.

வெளிமானுக்கு விடியற்காலைதான் சரி. நான் பார்த்த அன்று நன்றாகக் கறுத்த ஓர் ஆண், முறுக்குக் கொம்பை முதுகில் சாய்த்து, மூக்கை வானத்துக்குத் தூக்கி, காதைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெண் மான்களுக்கு முன்னால் நடை போட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கார் பாதையை விட்டு இறங்கிப் புல்வெளிக்குள்ளேயே வந்துவிட்டது, போட்டோ எடுக்க. மொத்தக் கூட்டமும் துள்ளிச் சிதறியது. வெளிமான் தன் குட்டியைப் புல்லுக்குள் படுக்கவைத்துவிட்டுத்தான் மேயப் போகும். அந்தக் குட்டி ஆள் வந்தாலும் அசையாது. டயருக்கு அடியில் என்ன கிடக்கிறது என்று ஓட்டுகிறவருக்கு எப்படித் தெரியும்? தயவுசெய்து பாதையை விட்டு இறங்காதீர்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை.

வேதாரண்யத்திலிருந்து:

அண்ணன் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். எங்கள் பக்கத்துக் காடு என்பதால் கூடுதலாகக் கொஞ்சம்.

2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது இந்தக் காட்டில் விழாத மரம் குறைவு. மானும் குதிரையும் பறவையும் செத்துக் கிடந்ததைப் பார்த்தவர்கள் நாங்கள். அதனால் இங்கே ஒரு பாலை மரம் தழைத்து நிற்பதைப் பார்த்தாலே எங்களுக்குச் சந்தோஷம். கிளையை ஒடிக்காதீர்கள். கோடியக்காட்டில் சுந்தரர் பாடிய குழகர் கோயிலுக்குப் போனால் குரங்குக்கு எதுவும் போடாதீர்கள், அப்புறம் அது காட்டில் இரை தேடாமல் ரோட்டுக்கு வந்து வண்டியில் அடிபடுகிறது.

மட்டக்குதிரைகளைப் பார்த்தால் பிள்ளைகள் கிட்டே ஓடும், பிடித்துக்கொள்ளுங்கள். பழகியது போலத் தெரியும், ஆனால் ஆளில்லாமல் திரிந்து வளர்ந்தவை, உதைக்கும். கோடையில் புல்லுக்கும் தண்ணீருக்கும் மானோடு போட்டி போடுவதும் இவைதான். இருந்தாலும் எங்களால் இவற்றை வெறுக்க முடியவில்லை.

ராமர் பாதம் மேட்டில் ஏறினால் காடும் சதுப்பும் ஒருசேரத் தெரியும். சாப்பாட்டை வேதாரண்யத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள், தண்ணீரும் கையோடு. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளி வரை 2023இல் மறுபடி ரயில் விட்டார்கள்; நேரத்தைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். 1930இல் ராஜாஜி உப்பு அள்ளிய இடமும் அங்கேதான், நினைவுத்தூணைப் பார்த்துவிட்டு வரலாம்.

நாகப்பட்டினத்திலிருந்து:

பங்குனி ஆமை என்கிற கடலாமையை யாரும் சொல்லவில்லையே! தை, மாசியில் இரவில் கரையேறி முட்டையிடும். வனத்துறை அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைத்துக் காக்கிறது. சுமார் 50 நாளில் குஞ்சு வரும். கடலில் விடும்போது நான் கூட இருந்தேன். உள்ளங்கைக்குள் அடங்குகிற குஞ்சு, துடுப்பால் மணலைத் தள்ளித் தள்ளி நகர்கிறது, முதல் அலை புரட்டிப்போட்டால் திரும்பவும் கிளம்புகிறது. பக்கத்தில் ஒரு பாட்டி 'போய்ட்டு வா சாமி' என்று கும்பிட்டார். எனக்கும் கை தானாகக் குவிந்தது.

பங்குனி மாதத்தில் வருகிறவர்கள் குஞ்சு விடுகிற நாள் எது என்று வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே கேளுங்கள். இருட்டில் டார்ச்சோ செல்போன் லைட்டோ அடிக்கக்கூடாது. குஞ்சு வெளிச்சத்தைக் கடலென்று நினைத்துக் கரைப்பக்கம் திரும்பிவிடும்.