மறுமொழி: ‘சவுண்ட் டெட்னிங்’ – தமிழில் என்ன சொல்வது?

வணக்கம்.

கார்க் கையேடு ஒன்றைத் தமிழாக்குகிற தங்கச்சி, காரின் இரைச்சலைக் குறைக்கத் தகரத்தில் தாள் ஒட்டுகிற ‘சவுண்ட் டெட்னிங்’ வேலைக்குத் தமிழ் கேட்டிருந்தார். இழையில் வந்த யோசனைகளுக்கு என் பதில்.

> ஒலித்தடுப்பு என்றே போட்டுவிடுவோம். எல்லாருக்கும் விளங்கும்.

விளங்கும் ஐயா, பிழையாக விளங்கும். தங்கச்சி தமிழாக்குகிற கையேட்டில் ‘ஒலித்தடுப்புத் தாள்’ என்று அச்சாகிவிட்டால், படிக்கிற பெடியன் கொழும்பிலிருந்து கட்டுக்கட்டாக எடுப்பித்துக் கதவுத் தகரத்தில் ஓர் அங்குலம் விடாமல் ஒட்டுவான். பிறகு கண்ணாடியை ஏற்றிவிட்டு, “இன்னும் கேக்குதே” என்பான். கேட்கத்தான் செய்யும். அந்தத் தாள் ஒலியைத் தடுக்கிற சாமானே இல்லை.

இது எனக்குக் காசு கொடுத்துப் படித்த பாடம். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தினதிலிருந்து எங்கள் பக்கத்தில் எல்லாரும் இருக்கிற காரையே தட்டித் திருத்தி ஓடினோம். என்னுடையதும் அப்படி ஒரு பழைய யப்பான் கார்தான். ஏ9 வீதியில் மாங்குளம் தாண்டி 70இல் போனால், பின் சீற்றில் இருக்கிற அம்மாவோடு கத்தித்தான் கதைக்க வேண்டும். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குகிற நேரம்தான் காதுக்கு ஓய்வு. செலவைக் குறைப்போம் என்று, கூரை ஒழுக்குக்கு ஒட்டுகிற தார் நாடாவை வாங்கிக் கதவுக்குள் ஒட்டினேன். சித்திரை வெயிலில் இரண்டு நாள் முற்றத்தில் நின்ற காருக்குள் தார்ப்பீப்பாய் மணம். நாடா இளகி வழிந்து கதவின் அடியில் போய்க் குந்திக்கொண்டது. அடியில் மழைத்தண்ணீர் வடிகிற ஓட்டைகள் இருக்கின்றன, அவையும் அடைத்துப்போயின. மாரிக்கு முன் கண்டபடியால் கதவு துருவுக்குத் தப்பியது.

பரந்தனில் டிங்கர் வேலை செய்கிற அண்ணை ஒருவரிடம் கொண்டுபோனேன். அவர் கதவின் உள்மட்டையைக் கழற்றி, வழிந்த தாரையெல்லாம் சுரண்டித் துடைத்துவிட்டு, விரல் முட்டியால் வெறுந்தகரத்தில் ஒரு தட்டுத் தட்டினார். “டங்ங்ங்” என்றது. பிறகு இடக்கையை விரித்துத் தகரத்தில் வைத்துக்கொண்டு வலக்கையால் தட்டினார். “டொக்.” அவ்வளவுதான்.

“தம்பி, தகரம் பாடுது. பாட்டை நிப்பாட்டக் கை வைச்சாக் காணும். வெளியிலை இருந்து வாற சத்தத்துக்குக் கை காணாது” என்றார்.

நான் வலைப்பக்கங்களில் இரண்டு கிழமை படித்ததெல்லாம் இந்த மூன்று வசனத்துக்குள் வந்துவிட்டது. பியூட்டைல் றப்பரும் மேலே அலுமினியத் தகடும் சேர்ந்த 2 மில்லிமீற்றர்த் தாள், அந்த அண்ணையின் இடக்கை. றோட்டின் நடுக்கம் ரயர் வழியாக ஏறித் தகரத்தை ஆட்டும்போது, தகரத்துக்கும் அலுமினியத்துக்கும் இடையில் றப்பர் இழுபட்டு அந்த ஆட்டத்தைச் சூடாக மாற்றிவிடுகிறது. கை வைக்கக் கதவு முழுக்க மூட வேண்டியதில்லைத்தானே? தகரத்தின் நாலில் ஒரு பங்கை மூடினாலே பெரும்பயன் கிடைத்துவிடும். பெரிய வெறும் தகரப் பரப்பு எங்கே இருக்கிறதோ அதன் நடுவில் ஒட்டி, உருளையால் நன்றாக அழுத்திவிட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிடிக்காது.

வெளியிலிருந்து வருகிற சத்தத்தை மறிக்கிறது வேறு வேலை. அதற்குப் பாரம் வேண்டும்: பாரமேற்றிய வினைல் விரிப்பு, இடைவெளி இல்லாமல். பாரத்தை இரட்டித்தால் ஏறத்தாழ 6 டெசிபெல் குறையும் என்பது பொதுக் கணக்கு. உள்ளே வந்துவிட்ட சத்தத்தை உறிஞ்சுவது மூன்றாவது வேலை, அதற்குப் பஞ்சு மெத்தை. ஆங்கிலக்காரர் மூன்றையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டியதற்காக நாங்களும் கட்ட வேண்டுமா?

> ஒலியடக்கம்?

எங்கள் ஊரில் ‘நல்லடக்கம்’ என்று மரண அறிவித்தலில்தான் போடுவார்கள். ‘ஒலிக்கொல்லி’க்கும் அதே செத்தவீட்டு வாடை. ‘ஒலியடக்கி’ என்றாலோ சனத்துக்குப் புகைக்குழாய்ச் சைலன்சர்தான் நினைவுக்கு வரும்.

> குரல் கம்மினால் கம்மல். தகரத்தின் குரலும் கம்முகிறது. அதையே எடுக்கலாமே.

இதை எழுதிய அண்ணைக்கு என் வணக்கம். இந்த இழையிலேயே அழகான சொல் இதுதான். ஆனால் தமிழ்நாட்டில் கம்மல் என்றால் எங்கள் தோடு. காருக்குக் கம்மல் போட்டேன் என்றால் சிரிப்பார்கள்.

என் முன்மொழிவு வினைத்தொகை, அதாவது காலம் காட்டாத வினையும் பெயரும் ஒட்டின சொல். வன்னியில் எழுதப் படிக்கத் தெரியாத ஆச்சிக்கும் பதுங்குகுழி தெரியும், எறிகணை தெரியும், மிதிவெடி தெரியும். மூன்றும் வினைத்தொகை. எந்த ஆச்சியும் அகராதி பார்த்துப் படிக்கவில்லை. பொருள் எதற்கு என்பதைப் பெயரே சொன்னது, நாக்கில் நின்றது. பக்கத்திலேயே ‘உந்துருளி’யையும் பாருங்கள். அதுவும் வினைத்தொகைதான், பத்திரிகையில் நாள்தோறும் வருகிறது, ஆனால் அதில் ஏறுகிறவன் மோட்டச்சைக்கிள் என்றுதான் சொல்கிறான். சொல் வரமுன்னமே சாமானும் அதன் பெயரும் வந்துவிட்டன. இந்தத் தாளுக்கு எங்கள் கடைகளில் இன்னும் பெயர் ஊன்றவில்லை. நேரம் இதுதான்.

ஆகவே: தணிதகடு, மறிவிரிப்பு, உறிஞ்சுமெத்தை. கையேட்டில் அத்தியாயத் தலைப்புக்கு மட்டும் ‘இரைச்சல் தணிப்பு’.

—

வணக்கம். மதுரையிலிருந்து எழுதுகிறேன்.

மூன்றாகப் பிரித்தது சரிதான், மறிவிரிப்பு பிரமாதம். தணிதகடு மட்டும் உறுத்துகிறது. முதலாவது, எங்கள் பாடநூலில் இப்படி ஆட்டம் தணிவது ‘தடையுறு அலைவு’. நீங்கள் பரிவு (ரெசொனன்ஸ்) என்பதை நாங்கள் ஒத்ததிர்வு என்கிறோம், உங்கள் மீடிறன் (ஃபிரீக்வன்சி) எங்களுக்கு அதிர்வெண். இன்னொரு பிளவு வேண்டுமா? இரண்டாவது, தகடு என்றால் விறைப்பான உலோகம். இதுவோ கத்தரிக்கோலால் வெட்டக்கூடிய, கையில் பிசுபிசுவென்று ஒட்டுகிற சமாசாரம். மூன்றாவது, தணிவது எது? தகடா தணிகிறது?

—

அண்ணை, மூன்றாவதுக்கு முதலில் வருகிறேன். குழியா பதுங்குகிறது? வெடியா மிதிக்கிறது? வினைத்தொகைக்கு அந்தச் சுதந்திரம் உண்டு.

முதலாவது: பள்ளிக்கூடச் சொல்லைப் பள்ளிக்கூடத்திலேயே விடுவோம். ‘தடையுறு’ என்று கராச்சில் எவன் சொல்வான்? காய்ச்சல் தணிந்தது, தாகம் தணிந்தது என்பது இரண்டு கரையிலும் ஒன்றுதான்.

இரண்டாவதில் தோற்றேன். தகடு பிழை. ‘தணிதாள்’ யோசித்தேன், தாள் என்றாலும் முழுக்கப் பரப்பத்தான் கை போகும். பிறகு ரயர் கடை நினைவுக்கு வந்தது. காற்றுப் போனால் ஒட்டுப் போடுகிறோம், ஓட்டை இருக்கிற இடத்தில் மட்டும். ரியூப் முழுக்க யாரும் ஒட்டுவதில்லை. ஆகவே தணியொட்டு. துண்டு துண்டாக, பாடுகிற இடத்தில் மட்டும் போடு என்பதும் அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

நேற்றுப் பின்கதவுகளுக்காகப் பரந்தனுக்குப் போனேன். “அண்ணை, தணியொட்டுப் போடவேணும்” என்றேன், வேறு விளக்கம் சொல்லவில்லை. அவர் விரல் முட்டியால் தகரத்தை நாலு இடத்தில் தட்டிப் பார்த்தார்.

“ரெண்டு ஒட்டுக் காணும்” என்றார்.