குறைந்த செலவில் இணைய விளம்பரம்: அனுபவமுள்ளவர்களின் ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். துணிப்பைகள் தைத்து விற்கும் சிறு தொழில் ஒன்றை அண்மையில் தொடங்கியிருக்கிறேன். விளம்பரத்துக்கு ஒதுக்க முடிந்த தொகை மிகச் சிறியது என்பதால், அதை எங்கே செலவிடுவது என்பதில் உங்கள் வழிகாட்டலை நாடுகிறேன்.

கூகுள் தேடலிலும் வரைபடத்திலும் நம் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல், தொழில்களுக்கான வாட்ஸ்அப் பிசினஸ் செயலி ஆகிய இரண்டும் கட்டணமின்றிக் கிடைப்பதால், அவற்றில் விவரங்களையும் படங்களையும் ஏற்கெனவே பதிவேற்றிவிட்டேன். ஆயினும், ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்ப உதவும் வாட்ஸ்அப்பின் ஒலிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட் லிஸ்ட்) வழியே அனுப்பும் செய்தி நம் எண்ணைச் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும் என்பதால், அது பழைய வாடிக்கையாளர்களைத் தக்கவைக்க உதவுமே தவிரப் புதியவர்களைக் கொண்டுவராது.

என் முதன்மையான ஐயம் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகியவற்றின் கட்டண விளம்பரங்களைப் பற்றியது. ஒரு விளம்பரத் தொகுப்பு (ஆட் செட்) ஒரு வாரத்துக்குள் ஏறத்தாழ 50 விளைவுகளை, அதாவது நாம் இலக்காக வைத்த விற்பனை அல்லது விசாரணை போன்ற செயல்களை, பெற்றால்தான் கற்றல் கட்டத்தை (விளம்பரத்தை யாருக்குக் காட்டுவது என்று அமைப்பு கற்றுக்கொள்ளும் தொடக்கக் காலத்தை) கடந்து நிலைபெறும் என்று, இவ்விரு தளங்களையும் நடத்தும் மெட்டா நிறுவனத்தின் வழிகாட்டுதல் கூறுகிறது. விற்பனையையே இலக்காக வைத்தால் சிறு தொகையில் அந்த எண்ணிக்கையை எட்டுவது அரிது என்பதால், வாட்ஸ்அப் விசாரணைகளை இலக்காக வைப்பது பொருத்தமாக இருக்குமா? ஒரு பதிவை எளிதாக விளம்பரமாக்க உதவும், அதன் கீழுள்ள பூஸ்ட் பொத்தானே போதுமா, அல்லது விளம்பரங்களை விரிவாக அமைக்க உதவும் மெட்டாவின் ஆட்ஸ் மேனேஜர் கருவியைக் கற்றுக்கொள்வது அவசியமா?

பணம் கொடுத்துப் பின்தொடர்வோரைச் சேர்க்கும் யோசனையைத் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். வாங்காத கூட்டத்தால் எனக்குப் பயனில்லை. தைக்கும் விதத்தைக் காட்டும் குறுங்காணொளிகளுக்கும் பொருளின் படங்களுக்கும் இடையே எது கூடுதல் விசாரணைகளைத் தந்தது என்பதை, சொந்தமாகச் செய்து பார்த்தவர்கள் தெரிவித்தால் நன்றியுடையவனாக இருப்பேன்.