ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளை ரோபோ போட்டிக்குக் கூட்டிப்போகலாமா?

வேடசந்தூர் கணக்கு வாத்தியார்:

வணக்கம். அரசு உதவி பெறும் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் ஏழெட்டுப் பிள்ளைகள் யூடியூப் பார்த்துவிட்டு, "சார், ரோபோ போட்டிக்குப் போகணும்" என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். தலைமையாசிரியர் வேண்டாம் என்று சொல்லவில்லை. "அடுத்த வருஷம் பத்தாவது, ரிசல்ட்டைப் பார்த்துக்குங்க" என்றார். அதுவே பாதி வேண்டாம்தான். எங்களிடம் அடல் லேப் (மத்திய அரசின் நிதி ஆயோக் உதவியில் பள்ளிகளில் அமைக்கும் செய்முறைக் கூடம்) கிடையாது. ஒரு தனியார் சென்டரில் விசாரித்தால் தலைக்கு எட்டாயிரம் கேட்கிறார்கள், ரோபோவையும் அவர்களே ரெடி பண்ணித் தருவார்களாம். இதில் பிள்ளைகளுக்குக் கணக்கோ அறிவியலோ நிஜமாகவே ஏறுகிறதா, இல்லை மெடலோடு போட்டோ எடுப்பதோடு சரியா? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பொருநை பிசிக்ஸ் டீச்சர்:

சார், அந்த சென்டருக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுங்கள். அவர்களே செய்து கொடுத்தால் உங்கள் பிள்ளைகளுக்கு சுவிட்ச் போடுகிற வேலைதான் மிஞ்சும்.

எங்கள் பள்ளி அடல் லேபுக்கு நான்தான் பொறுப்பு. (நிதி ஆயோக் 20 லட்சம் தருகிறது. 10 லட்சம் லேப் அமைக்க, மீதி ஐந்து வருஷ நடைமுறைச் செலவுக்கு. பல இடங்களில் பீரோ சாவி யாரிடம் என்பதிலேயே லேப் நின்றுவிடுகிறது, அது தனிக்கதை.) முதல் போட்டிக்கு அதெல்லாம் வேண்டாம். கோட்டைப் பிடித்து ஓடும் லைன் ஃபாலோயரில் ஆரம்பியுங்கள். ஆர்டுயினோ ஊனோ (நாம் எழுதும் கோடை ஓட்டும் சின்ன போர்டு), எல்298 மோட்டார் டிரைவர் (அந்த போர்டு சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் விடும் சிப்), மஞ்சள் நிற பிஓ மோட்டார் இரண்டு, கோட்டைப் பார்க்க ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார், 18650 என்கிற ரீசார்ஜ் செல் இரண்டு, சார்ஜர். பார்த்து வாங்கினால் இரண்டாயிரத்துக்குள் முடியும். பாதைக்குப் பழைய ஃப்ளெக்ஸ் பேனரைத் திருப்பிப் போட்டுக் கறுப்பு டேப் ஒட்டினால் போதும். தேர்தல் முடிந்த வாரத்தில் பேனருக்குப் பஞ்சமா!

ஏறுகிறதா என்று கேட்டீர்கள். எங்கள் பிள்ளைகள் "இத்தனை மில்லிசெகண்ட் ஒரு சக்கரத்தை மட்டும் ஓட்டு" என்று எழுதித்தான் வண்டியைத் திருப்பினார்கள். காலையில் கச்சிதமாக 90 டிகிரி திரும்பிய வண்டி, சாயங்காலம் 75 கிட்டேயே நின்றுவிடும். கோடிங் தப்பு என்று ஒரு கோஷ்டி, மோட்டார் போச்சு என்று இன்னொரு கோஷ்டி. நான் வாயைத் திறக்காமல் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை மட்டும் மேஜையில் வைத்தேன். முழு சார்ஜில் இரண்டு செல்லும் சேர்ந்து 8.4 வோல்ட். டிரைவர் சிப்பே சுமார் 2 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது, மோட்டாருக்குப் போவது 6.4. செல் இறங்கி 7.4 ஆனால் மோட்டாருக்குக் கிடைப்பது 5.4. வோல்ட் குறைந்தால் வேகமும் குறையும், அதே நேரத்தில் வண்டி குறைவாகத்தான் திரும்பும். ஒரு பெண் 5.4-ஐ 6.4-ஆல் வகுத்து 90-ஆல் பெருக்கினாள். 76 வந்தது. "மிஸ், இது நேர் விகிதம்ல?" என்றாள். உங்கள் பாடம் சார் அது, என் பீரியடில் நடந்தது.

அப்புறம் நேரத்தை விட்டுவிட்டுச் சக்கரச் சுற்றை எண்ண ஆரம்பித்தார்கள். 65 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம், சுற்றளவு 204. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும் என்கோடர் தட்டில், சுற்றை எண்ணுவதற்கு 20 துளை, அப்படியென்றால் ஒரு துளைக்குக் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர். ஜன்னலோரம் வெயிலில் வண்டி கோட்டை விட்டு ஓடியபோது இன்னொன்று பிடிபட்டது. வெயிலிலும் அகச்சிவப்பு இருக்கிறது, அதனால் சென்சாருக்குக் கறுப்பும் வெள்ளையாகவே தெரிகிறது. இப்போது ஓட்டத்துக்கு முன் கறுப்பிலும் வெள்ளையிலும் அளந்து, இரண்டுக்கும் நடு மதிப்பைக் கறுப்பு-வெள்ளை பிரிக்கும் எல்லையாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

போட்டி எதற்கென்றால், தேதிக்காக. தேதி இல்லாத புராஜெக்ட் அரைகுறையாகவே அலமாரிக்குப் போய்விடும். நம் கை மட்டும் வண்டியில் படக்கூடாது.

மதுரை அப்பா:

டீச்சர் சொல்வது சரி, ஆனால் எல்லாப் போட்டியும் அப்படி இல்லை. என் பையனைக் கூட்டிப்போன ஒரு போட்டியில், பக்கத்து மேஜை ரோபோவுக்குக் கோச்தான் கடைசி நிமிஷம் வரை லேப்டாப்பில் கோட் அடித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் சமோசா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பரிசும் அவர்களுக்கே. என் பையன் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை.

அதனால் விதிமுறையை முதலில் படியுங்கள். வேர்ல்ட் ரோபோட் ஒலிம்பியாடில் பயிற்சியாளர் களத்துக்குள் வர முடியாது, அன்றைக்கு ஒரு திடீர் விதியையும் அறிவிப்பார்கள். மனப்பாட கோட் அங்கே பாதியில் படுத்துவிடும். ஃபர்ஸ்ட் லெகோ லீகில் ஓட்டம் இரண்டரை நிமிஷம்தான், ஆனால் நடுவர்கள் பிள்ளைகளை உட்கார வைத்து "இதை ஏன் இப்படிச் செய்தீர்கள்" என்று துருவுவார்கள். லெகோ கிட் விலை மட்டும் உங்கள் பள்ளிக்கு ஒத்துவராது. யாராவது பழைய மைண்ட்ஸ்டார்ம்ஸ் (லெகோவின் ரோபோ கிட்) செட் கொடுத்தால் வாங்கிக்கொள்ளுங்கள், 2022-ஓடு அதை நிறுத்திவிட்டார்கள்.

ஓசூர் பொண்ணு:

நான் படித்த பள்ளியிலும் ரோபோ டீம் இருந்தது. ஐந்து பசங்க, இரண்டு பொண்ணுங்க. எங்களுக்கு என்ன வேலை தெரியுமா? சார்ட் எழுதுவது, டி-ஷர்ட் கலர் தேர்ந்தெடுப்பது, நடுவரிடம் "அழகாகப் பேசுவது". லேப்டாப்பை எங்கள் பக்கம் திருப்பவே மாட்டார்கள். பிறகு வந்த ஒரு சார் வாரா வாரம் வேலையை மாற்றினார். இந்த வாரம் சால்டரிங் செய்தவர் அடுத்த வாரம் கோடிங். முதல் மாதம் வண்டி மெதுவாகத்தான் தேறியது, பசங்க முணுமுணுத்தார்கள். இன்று நான் உதிரிபாகத் தொழிற்சாலையில் கண்ட்ரோல் பேனல் வயரிங் பார்க்கிறேன். வாத்தியார் சார், யார் கையில் லேப்டாப் இருக்கிறது என்று ஒரு கண் வையுங்கள்.

வேடசந்தூர் கணக்கு வாத்தியார்:

எல்லோருக்கும் நன்றி. அந்த 5.4 / 6.4 கணக்கைத் தலைமையாசிரியரிடம் காட்டப்போகிறேன். டீச்சர், ஏழெட்டுப் பேருக்கு ஒரே வண்டி போதுமா? மற்ற பிள்ளைகள் "எங்களுக்கு?" என்று கேட்பார்களே.

பொருநை பிசிக்ஸ் டீச்சர்:

இரண்டு வண்டி வாங்குங்கள் சார். ஒரு வண்டிக்கு நாலு பேருக்கு மேல் நின்றால் பின்னால் நிற்பவனுக்கு முதுகுதான் தெரியும். பாதையை மத்தியான இடைவேளையில் வராண்டாவில் விரித்துப் போடுங்கள், மற்ற பிள்ளைகள் தாமாக வந்து ஸ்டாப் வாட்ச் பிடிப்பார்கள். தலைமையாசிரியரிடம் பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தையும் கொண்டுபோங்கள். இயக்க விதிகள், மின்னோட்டவியல் இரண்டும் அதில்தான் இருக்கின்றன.

செல்லை மட்டும் இரவு சார்ஜில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகாதீர்கள், பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். பளபளப்பில்லாத டேப்பாகப் பார்த்து வாங்குங்கள், இல்லையென்றால் வளைவில் வண்டி தடுமாறும்.