புதுப்பிப்பு: ஓடை எங்கே போகிறது?

முந்தைய பதிவில் புளோரிடாவின் டல்லஹாசி நகருக்குத் தெற்கே, அப்பலாச்சிகோலா தேசியக் காட்டுக்குள் இருக்கும் லியோன் சிங்க்ஸ் என்ற, தரை இடிந்து உண்டான குழிகள் நிறைந்த பகுதியைப் பற்றி எழுதியிருந்தேன். ஃபிஷர் ஓடை அங்கே மண்ணுக்குள் மறைந்துவிடுகிறது. அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று சிலர் கேட்டிருந்தீர்கள்.

தரைக்கடியில் தெற்கே போகிறது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசாக அமிலமாகி, சுண்ணாம்புக்கல்லைக் கரைத்துக் குகைகளை உண்டாக்குகிறது. கூரை தாங்காமல் இடிந்த இடங்கள்தான் நாம் பார்க்கும் குழிகள். 2007இல் முக்குளிப்பவர்கள் இந்தக் குகைத் தொகுதி தெற்கே இருக்கும் வக்குல்லா என்ற பெரிய ஊற்றின் குகையோடு இணைந்திருப்பதை நீந்திப் போயே உறுதிப்படுத்தினார்கள். இரண்டும் சேர்ந்து சுமார் 32 மைல் நீளம்! இருட்டில், தலைக்கு மேல் பாறையோடு இந்தக் குகைகளுக்குள் போனவர்களை நினைத்தால் இன்னும் வியப்பாக இருக்கிறது.

இந்த முறை லியோன் சிங்க்ஸில் உள்ள பிக் டிஸ்மல் குழியின் விளிம்பில் நெடுநேரம் நின்றேன். செங்குத்தான சுவரெல்லாம் பெரணியும் பாசியும். வேர்களின் நுனியிலிருந்து நீர் சொட்டி, கீழே கரும்பச்சைக் குளத்தில் வளையம் வளையமாக விரிகிறது.

அப்புறம் ஒரு முக்கியமான விஷயம். இங்கே குழிக்குள் எறியும் குப்பை அங்கேயே கிடக்கும் என்று நினைக்காதீர்கள். மண்ணில் வடிகட்டப்படாமல் நேராக நிலத்தடி நீரில் கலக்கும். இப்படி மேலிருந்து நேராகக் கலந்து, காட்டிலிருந்து வரும் தேநீர் நிறத் தண்ணீர் ஊற்றைக் கலங்கலாக்குவதால், வக்குல்லாவில் கண்ணாடித் தளப் படகுகளைப் பெரும்பாலும் ஓட்டவே முடிவதில்லை. போகிறவர்கள் மரப்பாதையை விட்டு இறங்காதீர்கள். விளிம்பு மண் எளிதில் சரியும்.