பெட்டகத்துக்கு இரண்டு திறப்பு: ஓல்சன் கும்பல் படங்களோடு எங்கள் அனுபவங்கள்

ஹேர்னிங், டென்மார்க்

நாங்கள் நால்வரும் 1986ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் டென்மார்க்குக்கு வந்து, சில மாதங்கள் முகாமில் தங்கியிருந்துவிட்டு, யூலாண்டின் நடுவில் உள்ள ஹேர்னிங் நகரில் குடியேறினோம். யாழ்ப்பாணத்தில் ஒரு வங்கியில் காசாளராக இருந்த அப்பாவுக்கு இங்கே பின்னலாடைத் தொழிற்சாலையில் இரவு வேலை கிடைத்தது. தொலைக்காட்சியில் ஒரேயொரு அலைவரிசை மட்டும் இருந்த காலம் அது. இரண்டாவது அலைவரிசை 1988 ஐப்பசியில்தான் வந்தது. அந்தக் குளிர்காலத்தில் ஒருநாள் பக்கத்து வீட்டு டெனிஸ் பாட்டி ஒரு வீடியோக் கசெற்றைக் கொண்டுவந்து அம்மாவின் கையில் வைத்து, தன் வயிற்றைப் பிடித்துச் சிரிப்பதுபோல் காட்டிவிட்டுப் போனார். ஓல்சன் கும்பல் எங்கள் வீட்டுக்குள் வந்தது அப்படித்தான்.

இந்தப் படங்களைப் பார்த்திராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். எரிக் பாலிங் என்ற இயக்குநரும் ஹென்னிங் பாஸ் என்பவரும் சேர்ந்து எழுதிய நகைச்சுவைக் கொள்ளைப் படங்களின் வரிசை இது. 1968 முதல் 1981 வரை பதின்மூன்று படங்களும், 1998இல் கடைசியாக ஒன்றும் வெளிவந்தன. கதையின் அமைப்பு ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான். தலைவன் ஏகோன் ஓல்சன் விரிட்ஸ்லூசலில சிறையிலிருந்து விடுதலையாவான். கூட்டாளிகள் பெனியும் கெல்லும் வாசலில் காத்திருப்பார்கள். கெல்லின் மனைவி இவொன் முணுமுணுத்துக்கொண்டே சாப்பாடு போடுவாள். ஏகோன் நொடிக் கணக்கில் வகுத்த ஒரு திட்டத்தை மேசையில் விரிப்பான். பேர்லினில் செய்த ஃபிரான்ஸ் யேகர் என்ற பெட்டகம் ஒன்று எங்கோ அவனுக்காகக் காத்திருக்கும். வைத்தியர் நெஞ்சில் வைத்துப் பார்க்கும் குழாயைப் பெட்டகத்தின் கதவில் வைத்து, கண்ணை மூடி, விரல் நுனியால் அவன் அதைத் திறப்பான். பிறகு கனவான்களைப் போல உடுத்திய பெரும் வணிகர்கள் அவனை ஏமாற்றுவார்கள், முடிவில் அவனே சிறைக்குப் போவான்.

முதல் நாள் அப்பா சிரிக்கவில்லை. ஏகோன் பெட்டகத்தின் முன்னால் முழந்தாளிட்ட காட்சியில் எழுந்து குசினிக்குப் போய்விட்டார். அக்காவுக்கும் எனக்கும் காரணம் விளங்கவில்லை. வங்கிக் கொள்ளை என்பது அவர் ஊரில் வேடிக்கையாக இருந்ததில்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்து அம்மாதான் சொன்னார். 1981 பங்குனியில் நீர்வேலியில் மக்கள் வங்கியின் பணத்தை ஏற்றிவந்த வாகனம் வழிமறிக்கப்பட்டுப் பொலிசார் இருவர் கொல்லப்பட்ட பிறகு, பணம் கொண்டுபோகும் நாள்களில் அப்பா வீட்டிலிருந்து புறப்படும்போது அம்மா படலையடியில் நின்று, அவருடைய சைக்கிள் ஒழுங்கையின் முடக்கில் மறையும் வரை பார்த்துக்கொண்டிருப்பாராம். அப்படி வாழ்ந்த ஒரு மனிதரின் முன்னால் பெட்டக உடைப்பை நகைச்சுவையாகக் காட்டினால் அவர் எழுந்து போவதைத் தவிர வேறென்ன செய்வார்?

அவரைத் திரும்பக் கதிரையில் இருத்தியவர்கள் துப்பறிவாளர்கள் இருவரும்தான். மூத்தவர் யென்சன், அக்செல் ஸ்ட்ரூபி நடித்த பாத்திரம். இளையவர் ஹோல்ம், ஓல ஏர்ன்ஸ்ட் நடித்தது. ஒரே மேசையில் வேலை செய்தாலும் இவர்களுக்குள் எதிலும் பொருத்தமில்லை. ஹோல்ம் கொள்ளை நடந்த இடத்துக்கு ஓடுவார், தடயம் தேடுவார், குற்றம் செய்தவர் யாராக இருந்தாலும் பிடிக்கத்தான் வேண்டும் என்று நம்புவார். யென்சன் களைத்த முகத்தோடு அவரை நிறுத்தி, பெரிய இடத்துப் பணம் சம்பந்தப்பட்ட விடயத்தில் பொலிஸ் செய்யக்கூடியது பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருப்பது மட்டுமே என்று விளக்குவார். அப்பாவின் டெனிஸ் அப்போது அரைகுறைதான். ஆனாலும் யென்சன் பேசுகிற தொனியே அவருக்குப் போதுமாக இருந்தது. தொழிற்சாலையிலும் முன்பு வங்கியிலும் தாம் கண்ட அத்தனை மேலாளர்களையும் அந்த ஒரு பெருமூச்சில் அவர் அடையாளம் கண்டிருக்க வேண்டும். குசினி வாசலில் நின்றபடியே சத்தமாகச் சிரித்தார். நாட்டைவிட்டு வந்த பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை.

பிறகு ஒரு நாள், இவ்வளவு ஒவ்வாத இருவரை ஏன் ஒன்றாக வேலைக்கு விடுகிறார்கள் என்று கேட்டேன். அப்பா மேசையில் இருந்த உப்புக் குப்பியையும் மிளகுக் குப்பியையும் எடுத்து அருகருகே வைத்தார். "தம்பி, வங்கிப் பெட்டகத்துக்கு எப்பவும் ரெண்டு திறப்பு. ஒண்டு காசாளரிட்ட, மற்றது கணக்காளரிட்ட. ரெண்டு பேரும் ஒரே மாதிரி யோசிக்கக் கூடாது. அப்பதான் பெட்டகம் பத்திரம்" என்றார். தம்மோடு மற்றத் திறப்பை வைத்திருந்த கணக்காளரோடு ஆறு வருடமும் சண்டைதான் என்றும், ஆனால் ஒரு சதம்கூடக் குறைந்ததில்லை என்றும் சொன்னார். அதற்குப் பிறகு யென்சனையும் ஹோல்மையும் நான் வேறு கண்ணால் பார்க்கத் தொடங்கினேன். ஒருவர் உலகம் எப்படி இருக்கிறது என்று அறிந்தவர், மற்றவர் அது எப்படி இருக்க வேண்டும் என்று அறிந்தவர். இருவரில் ஒருவரை எடுத்துவிட்டால் அந்தப் பொலிஸ் அலுவலகத்துக்குப் பொருளே இல்லை.

எங்கள் டெனிஸ் மொழியில் பாதி இந்தப் படங்களிலிருந்து வந்தது. ஏகோன் திட்டம் சொல்லும்போதெல்லாம் நேரம் வரும். டெனிஸில் 'அரை நான்கு' என்றால் மூன்றரை மணி என்பதை, இரண்டு தடவை பேருந்தைத் தவறவிட்ட அம்மா அவனிடம்தான் உறுதியாகக் கற்றுக்கொண்டார். கூட்டாளிகளைத் திட்டும்போது அவன் வாயிலிருந்து வரும் 'நாய்த்தலை' என்று பொருள்படும் சொல்லை நான் வகுப்பில் நண்பன் ஒருவனிடம் சொல்ல, ஆசிரியை என்னை அழைத்து, இதை எங்கே கற்றாய் என்று கேட்டார். ஏகோன் ஓல்சன் என்றேன். அவர் என் தலையைத் தடவி, இனி உனக்குத் தனி மொழி வகுப்பு வேண்டாம்போல் இருக்கிறது என்றார்.

இவற்றுள் 1976இல் வந்த படத்தில், கோபன்ஹேகன் அரச நாடக அரங்கில் நடக்கும் காட்சிக்கு ஈடாக நான் எதையும் கண்டதில்லை. மேடையில் 'எல்வர்ஹொய்' நாடகம். 1828இல் குலாவ் அமைத்த அதன் தொடக்க இசையை வாத்தியக்குழு வாசிக்கிறது. கட்டடத்தின் அடிப்பகுதியில் ஏகோனின் ஆட்கள் சுவர் சுவராக உடைத்துக்கொண்டு முன்னேறுகிறார்கள். மேலே முரசு அதிரும் அதே கணத்தில் கீழே சம்மட்டி விழுகிறது, மேலே இசை தணியும்போது கீழே துளைக்கருவியும் அடங்குகிறது. அந்த இசையை டெனிஸ் மக்கள் எவ்வளவு மதிக்கிறார்கள் என்றால், அரச கீதமே அதற்குள் இருக்கிறது. தாங்கள் போற்றும் ஒன்றை வைத்தே இப்படிச் சிரிக்கத் துணிந்த ஒரு நாட்டில் நாங்கள் வாழ வந்திருக்கிறோம் என்று அம்மா மெதுவாகச் சொன்னார். மிருதங்கத் தனியாவர்த்தனத்தின் அடிக்கு அடி வங்கிச் சுவரை உடைத்தால் எப்படி இருக்கும் என்று நானும் அக்காவும் சாப்பாட்டு மேசையில் தட்டிப் பார்த்தோம்.

யென்சனின் கொள்கையை அப்பா ஒரு தடவை மறுத்தார். போர் நடந்த நாட்டில் விடப்பட்ட மனைவி மக்களை அழைப்பதற்குத் தமிழ் அகதிகள் கொடுத்த விண்ணப்பங்களைச் சட்டத்துக்கு மாறாகக் கிடப்பில் போட்டது குறித்து ஒரு நீதிபதி விசாரித்து அளித்த அறிக்கை வெளிவந்ததும், 1993 தை மாதம் இந்த நாட்டின் பிரதமர் பதவி விலகினார். 1995இல் முன்னாள் நீதி அமைச்சருக்கு நான்கு மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. பிரதமர் விலகிய செய்தி வந்த பத்திரிகைத் துண்டை அப்பா வெட்டி, நான்காக மடித்து, ஓல்சன் கும்பல் கசெற்றின் உறைக்குள் வைத்தார். "ஹோல்ம் வெண்டிட்டான்" என்று மட்டும் சொன்னார். கசெற் பார்க்கும் கருவி பழுதாகிப் பல வருடங்கள் ஆகியும் அந்தத் துண்டு இன்றும் அதே உறைக்குள் இருக்கிறது.

பேர்லின், ஜெர்மனி

மேலே எழுதிய சகோதரரின் பகிர்வைப் படித்ததும் என் வேலைத்தலம் கண்முன் வந்தது. 1984இல் எங்களில் பலரைப் போல நானும் கிழக்குப் பேர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, ஃபிரீட்ரிக்ஷ்ட்ராஸ நிலையத்தில் தொடருந்து ஏறி மேற்குக்கு வந்தவன். கிழக்கு எனக்கு ஒரு மணி நேரப் பாதை மட்டுமே. மதில் விழுந்து சில ஆண்டுகளுக்குப் பின், ஒரு மருத்துவமனைச் சமையலறையில் வேலை பார்த்தபோதுதான் கிழக்கில் வளர்ந்த மனிதர்களோடு பழகினேன்.

பெரிய சூப்புப் பானையை ஒரு துளி சிந்தாமல் நான் இறக்கி வைத்த ஒரு காலை, கிழக்கைச் சேர்ந்த சக ஊழியர் கையை உயர்த்தி, "மெக்திஹ் கெவால்திஹ், ஏகோன்!" என்றார். என் பெயர் ஏகோன் இல்லையே என்று நான் திகைத்து நிற்க, மேற்கில் வளர்ந்த இன்னொருவரும் அதேபோலத் திகைத்து நின்றார். ஒரே மொழி பேசும் அந்த இருவருக்கு இடையில், ஒருவருக்குப் பழமொழி போல இருந்த தொடர் மற்றவருக்கு முற்றிலும் அந்நியமாக இருந்ததைக் கண்டு நான் வியந்தேன். ஓல்சன் கும்பல் படங்களைக் கிழக்கு ஜெர்மனியின் டேஃபா திரைப்பட நிறுவனம் ஜெர்மன் மொழியில் குரல்மாற்றி வெளியிட்டது. அங்கே அவை பெரும் வரவேற்பைப் பெற்றன. மேற்கில் அவற்றை அறிந்தவர் குறைவு. ஏகோன் திட்டத்தைச் சொல்லி முடித்ததும் பெனி சொல்லும் பாராட்டு, டெனிஸில் சற்றுக் கொச்சையான தெருச்சொல்லாம். அதை ஜெர்மனுக்குக் கொண்டுவந்தவர்கள் 'மாபெரும் வல்லமை' என்பதுபோல ஒரு கம்பீரமான தொடராக்கிவிட்டார்கள். மூலத்துக்கு உண்மையாக இல்லாத அந்த மொழிபெயர்ப்பை நான் மனமாரப் போற்றுகிறேன்; ஒரு முழு நாட்டின் நாக்கில் அது ஒட்டிக்கொண்டது.

அடுத்த நத்தார் இரவு வேலையில் அவர் படத்தைக் கொண்டுவந்து ஓய்வறையில் போட்டார். நாங்கள் மூவரும் பார்த்தோம். யென்சன் வரும் காட்சிகளில் மட்டும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு எங்கள் முகத்தைப் பார்த்தார். "எங்கள் ஊரில் இப்படிப் பேசும் பொலிஸ்காரனைத் திரையில் பார்ப்பதற்கு டென்மார்க்கிலிருந்துதான் படம் வர வேண்டியிருந்தது" என்றார். அதன்பின் சமையலறையில் எங்கள் மூவரில் யார் எதைச் சரியாகச் செய்தாலும் அந்த ஒரு தொடர்தான்.

ஒஸ்லோ, நோர்வே

ஏகோன் நோர்வேக்காரன் என்றுதான் பதினான்கு வயது வரை உறுதியாக நம்பியிருந்தேன். எங்கள் ஏகோன் ஆர்வ ஒப்சால். அவன் விடுதலையாவது ஒஸ்லோவின் பொட்ஸ் சிறையிலிருந்து. டெனிஸ் கதைகளை வாங்கி, 1969 முதல் நோர்வே நடிகர்களைக் கொண்டு இங்கே தனியாக எடுத்தார்கள் என்பது எனக்குத் தெரியாது. டென்மார்க்கிலிருந்து விடுமுறைக்கு வந்த மச்சாள் தன் கசெற்றைப் போட்டபோது, அதே தொப்பி, அதே சுருட்டு, அதே திட்டம், ஆனால் வேறு முகங்கள். களவெடுத்துவிட்டார்கள் என்று நான் கத்த, களவெடுத்தது நீங்கள்தான் என்று அவள் கத்த, அம்மம்மா இருவரையும் அதட்டிப் படுக்க அனுப்பினார்.

துப்பறிவாளர்களைப் பற்றி ஒன்று சேர்க்க விரும்புகிறேன். எங்கள் படங்களில் மூத்தவர் பெயர் ஹெர்மன்சன், நடித்தவர் ஸ்வேர வில்பெர்க். இளையவர் இங்கேயும் ஹோல்ம்தான். சலித்துப்போன மூத்தவருக்கு நாட்டுக்கு நாடு வேறு பெயர் வைத்தவர்கள், நம்பிக்கையுள்ள இளையவரின் பெயரில் கை வைக்கவில்லை. எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஹேர்னிங், டென்மார்க்

இரண்டு பகிர்வுகளையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். 'மாபெரும் வல்லமை'யை இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

விட்டுப்போன ஒன்றை எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் அக்காவைப் பார்க்கக் கோபன்ஹேகன் பக்கம் போனபோது, அப்பாவை அல்பேட்ஸ்லுண்டுக்கு அழைத்துச் சென்றேன். ஏகோன் பெரும்பாலான படங்களில் வெளியே வரும் சிறை அங்கேதான் இருந்தது. அதன் அருகில் ஒரு சிறிய வீதிக்கு ஏகோன் ஓல்சன் வீதி என்று முறைப்படி பெயர் வைத்திருக்கிறார்கள். நல்ல காற்று. அப்பா தொப்பியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் பெயர்ப் பலகையின் கம்பத்தைத் தொட்டுப் பார்த்தார். உயிரோடு இருந்திராத ஒரு பெட்டகக் கள்ளனுக்கு வீதி கொடுத்த நகரத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"யென்சனுக்கும் ஹோல்முக்கும் எங்க வீதி வைச்சிருக்கினம்?" என்று கேட்டார்.